செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு யார் வேண்டும்? ஆக்லாந்து அரசுப் பள்ளிக்குத் துணை முதல்வரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு முதலாளி யார் என்று புதிதாக வந்த தமிழரிடம் கேட்டால், கல்வி அமைச்சகம் என்பார். சம்பளப் பணம் அங்கிருந்து வருவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் 1989இல் ‘டுமாரோஸ் ஸ்கூல்ஸ்’ என்ற சீர்திருத்தம் வந்தது முதல், முதலாளி என்பது அந்தந்தப் பள்ளியின் வாரியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சக பெற்றோர், முதல்வர், ஊழியர்களின் பிரதிநிதி ஒருவர், உயர்நிலைப் பள்ளியானால் மாணவர் பிரதிநிதி ஒருவர், தேவைக்கேற்ப வாரியமே சேர்த்துக்கொள்பவர்கள். இவ்வளவு பேர்தான் முதலாளி.

தெற்கு ஆக்லாந்தில் அப்படி ஒரு பள்ளியின் வாரியத்தில் இரண்டு தவணை இருந்தேன். தொழிலால் நான் கணக்காளன். துணை முதல்வர் தேர்வுக் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். முதல் முறை சொதப்பினோம், இரண்டாம் முறை ஓரளவு தேறினோம். வாரியத்துக்குத் தேர்வாகும் தமிழ்ப் பெற்றோர் சிலர் “இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். ஊரில் பதவி உயர்வு என்றால் பணிமூப்புப் பட்டியல், கலந்தாய்வு என்று பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு பள்ளியே விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, ஆள் எடுப்பது விசித்திரமாகத்தான் இருக்கும்.

முடிவெடுப்பவர் யார் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

முதல்வரை நியமிப்பது வாரியத்தின் நேரடி வேலை. மற்ற ஊழியர் நியமனங்களைப் பெரும்பாலான வாரியங்கள் முதல்வரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. துணை முதல்வர் பதவி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல பள்ளிகளில் முதல்வர் தலைமை ஏற்க, வாரிய உறுப்பினர் ஒருவரோ இருவரோ குழுவில் சேர்வது வழக்கம். உங்கள் வாரியத்தின் அதிகார ஒப்படைப்புக் கொள்கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். குழு பரிந்துரைக்குமா, முடிவே எடுக்குமா? கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல் நிற்கும்? இதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்த பிறகே அடுத்த வேலை.

நாங்கள் முதல் முறை இதைச் செய்யவில்லை. நேர்காணல் முடிந்த மாலை, முதல்வர் ஒருவரைச் சொன்னார், வாரியத் தலைவர் இன்னொருவரைச் சொன்னார். இரவு ஒன்பதரை வரை பேசினோம். யாருக்கு அதிகாரம் என்ற பேச்சே ஒரு மணி நேரத்தைத் தின்றது.

என் கருத்து: முதல்வரின் குரலுக்குக் கூடுதல் எடை இருக்கட்டும். தினமும் அந்த மனிதரோடு வேலை செய்யப்போவது அவர்தான். ஆனால் அவருக்கு வசதியான ஆளும் பள்ளிக்குத் தேவையான ஆளும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் நாம் அங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய நாற்காலிக்கு ஆள் தேடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

போன துணை முதல்வரின் பணி விவரத் தாளை எடுத்து, தேதியை மாற்றி, விளம்பரத்தோடு இணைப்பதுதான் எல்லாரும் செய்வது. அந்தத் தாள் அநேகமாக அவர் வந்தபோது இருந்த பள்ளிக்கு எழுதப்பட்டது. பதினொரு ஆண்டுகளில் மாணவர்கள் மாறியிருப்பார்கள், சட்டம் மாறியிருக்கும், அவரும் பாதி வேலையைத் தானாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே அவர் விடைபெறுவதற்கு முன் ஒரு வாரம், என்ன செய்கிறார் என்பதை மணிக்கணக்காகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த தாளில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது. ஏழு மணிக்கு, அன்று வராத ஆசிரியர்கள் ஆறு பேருக்கு ‘ரிலீஃப்’ எனப்படும் மாற்று ஆசிரியர் நான்கு பேர். மீதி இரண்டு வகுப்புக்கு யாரை அனுப்புவது? எட்டு மணிக்கு வாசலில் நின்று சீருடை பார்த்தல். எட்டேகாலுக்கு ஒரு சீக்கிய மாணவரின் தந்தை, விளையாட்டு நாளில் மகன் பட்கா என்னும் சிறு தலைத்துணி கட்டுவது பற்றி. முதல் பாடவேளையில் 9ஆம் ஆண்டு மாணவர்களுக்குப் பொறுப்பாசிரியரான டீனோடு வருகைப்பதிவு. பிறகு கைபேசி பறிமுதல் செய்யப்பட்ட மூன்று பேர். 2024ஆம் ஆண்டின் இரண்டாம் பருவம் முதல் பள்ளி நேரம் முழுவதும் கைபேசிக்குத் தடை இருப்பதால் இது அன்றாடக் கடமையாகிவிட்டது. பதினொன்றரைக்கு, உயர்நிலைப் பள்ளித் தகுதிச் சான்றிதழான என்.சி.இ.ஏ.வின் உள்மதிப்பீட்டில் ஒரு முறையீடு. மதியம் கழிவறையில் சண்டை. இரண்டு மணிக்கு ஒரு குழந்தையின் வீட்டுச் சூழல் குறித்து ஒராங்கா தமாரிக்கி என்னும் குழந்தைகள் நலத்துறைக்குத் தொலைபேசி. பள்ளி விட்ட பிறகு கால அட்டவணைக் கூட்டம்.

இதில் ‘தொலைநோக்குள்ள தலைமைத்துவம்’ எங்கே இருக்கிறது என்று தேடினேன். எட்டேகாலுக்கு அந்தத் தந்தையிடம் என்ன பேசினார் என்பதில் இருந்தது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள். ஒன்று, இருக்கும் துணை முதல்வர்களுக்கிடையே பொறுப்புகளை மாற்றிப் போட வேண்டுமா? மாணவர் நலம், பாடத்திட்டமும் மதிப்பீடும், ஊழியர் வளர்ச்சி என்று பிரிப்பது வழக்கம். புதிதாக வருபவருக்கு எப்போதும் மாணவர் ஒழுக்கத்தைக் கட்டிவிடுவது சோம்பேறித்தனம். இரண்டு, தேர்வுத் துறையான என்.சட்.கியூ.ஏ.வோடு பள்ளியின் சார்பில் பேசும் ‘பிரின்சிபல்ஸ் நாமினி’ பொறுப்பு இந்தப் பதவியோடு போகிறதா? போகிறது என்றால் மதிப்பீட்டு விதிகளில் ஊறியவர் வேண்டும். அதை ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ள முடியாது. மூன்று, இந்தப் பதவிக்கு எத்தனை ‘யூனிட்’? ஆசிரியர் சம்பள அளவுகோலின் மேல் சேரும் பொறுப்புப்படிக்குத்தான் அந்தப் பெயர். பள்ளிக்கு வரும் யூனிட்கள் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவை, அளவானவை. இங்கே கூட்டினால் ஏதோ ஒரு துறைத் தலைவருக்குக் குறையும். விளம்பரத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

‘பன்முகம்’ என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்

2023 குடிக்கணக்கெடுப்பின்படி ஆக்லாந்து மக்களில் ஆசிய வம்சாவளியினர் 31 விழுக்காட்டுக்கு மேல், பசிபிக் தீவு வம்சாவளியினர் 16க்கு மேல், மாவோரி மக்கள் 12க்கு மேல். நகரத்தின் கணக்கு இது. உங்கள் பள்ளியின் கணக்கு வேறாக இருக்கும். அதை எடுத்து மேசையில் வையுங்கள்: எத்தனை பேர் சமோவர், தொங்கர், இந்தியர், ஃபிலிப்பினோ, எத்தனை பேர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள், எத்தனை பேர் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்கள். மாணவரின் சமூக, பொருளாதாரத் தடைகளை அளந்து பள்ளி நிதிக்கு அடிப்படையாவது சமத்துவக் குறியீட்டு எண்; 2023 ஜனவரியில் பழைய ‘டெசில்’ முறைக்குப் பதிலாக வந்த அதையும் பாருங்கள். ‘பன்முகத்தன்மை மிக்க பள்ளி’ என்று விளம்பரத்தில் எழுதினால் எல்லா விண்ணப்பதாரரும் ‘பன்முகத்தன்மையை மதிப்பேன்’ என்று எழுதி அனுப்புவார்கள். அதைக் கொண்டு யாரையும் பிரிக்க முடியாது.

மாறாக, ஆண்டின் நாள்காட்டியைக் கேளுங்கள். மார்ச் மாதத்தில் பாலிஃபெஸ்ட். 1976இல் தெற்கு ஆக்லாந்தின் ஓட்டாராவில், ஹிலரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய இந்தப் பசிபிக், மாவோரிப் பள்ளிக் கலைவிழாவுக்கு முந்தைய வாரங்களில் குழுக்கள் இருட்டும்வரை ஒத்திகை பார்ப்பார்கள். பாதிப் பள்ளி மேடையில், மீதிப் பள்ளி கூட்டத்தில். அந்த வாரத்தில் 11ஆம் ஆண்டு உள்மதிப்பீட்டை வைக்கும் துணை முதல்வர், கெட்ட எண்ணம் இல்லாமலேயே முந்நூறு குடும்பங்களைப் பகைத்துக்கொள்வார். ரமலான் நோன்பு ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து வருகிறது. நோன்பிருக்கும் மாணவருக்கு உடற்கல்வி வகுப்பில் என்ன ஏற்பாடு? அக்டோபரில் சமோவக் குடும்பங்கள் தேவாலயத்தில் பிள்ளைகளைக் கொண்டாடும் வெள்ளை ஞாயிறு. என்.சி.இ.ஏ. தேர்வுகள் நவம்பரில், தீபாவளி அதை ஒட்டியே வந்து நிற்கும்.

மாவோரி மக்களை இந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்காதீர்கள் என்பதைத் தமிழ்ப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமெல்லாம் வந்து சேர்ந்தவர்கள், அவர்கள் இந்த மண்ணின் மக்கள். ஆசிரியர்களைப் பதிவு செய்யும் ஆசிரியர் கவுன்சில் (அப்போது கல்விக் கவுன்சில்) 2017இல் வெளியிட்ட ஆறு தரநிலைகளில் முதலாவதே, மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் செய்துகொண்ட தெ திரிதி ஓ வைதாங்கி ஒப்பந்தத்தின் கூட்டுறவு பற்றியதுதான். ‘எல்லாக் கலாச்சாரமும் சமம், அதில் மாவோரியும் ஒன்று’ என்று நேர்காணலில் புன்னகையோடு சொல்லும் விண்ணப்பதாரரிடம் ஒரு துணைக் கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

நாள்காட்டி

நிரந்தர ஆசிரியர் விலக இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பள்ளி ஆண்டின் தொடக்கமான ஜனவரி இறுதியில் ஆள் வந்து சேர வேண்டுமானால், மூன்றாம் பருவம் தொடங்கும் ஜூலையிலேயே விளம்பரம் போய்விட வேண்டும். ஆகஸ்டில் நேர்காணல், செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பணி வாய்ப்பு. நான்காம் பருவத்தில் தொடங்கினால் நல்லவர்களை மற்றப் பள்ளிகள் கொண்டுபோயிருக்கும். பின்னோக்கி எண்ணி, தேதிகளைக் குழுவில் உள்ள எல்லாருடைய நாட்குறிப்பிலும் போட்டுவிடுங்கள். நேர்காணல் நாளில் ஒரு குழு உறுப்பினர் வராமல் போனால் அந்த நாளின் மதிப்பெண் எதுவும் செல்லாது என்று நான் வாதாடுவேன்.

விளம்பரம்

அமைச்சகத்தின் ‘எஜுகேஷன் கெசட்’ இதழில் வெளியிடுங்கள். நாட்டில் ஆசிரியர் வேலை தேடுபவர் எல்லாரும் பார்க்கும் இடம் அது. இரண்டரை வாரமாவது அவகாசம் கொடுங்கள்; அதில் பள்ளி விடுமுறை குறுக்கிடக் கூடாது.

வாசகத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை வாசனை அடிக்கட்டும். ‘சிறப்பான பள்ளியில் ஆற்றல்மிக்க தலைவர் தேவை’ என்பதற்குப் பதிலாக, பொறுப்புகள் என்ன, மாணவர் யார், எத்தனை யூனிட், எப்போது பள்ளியைப் பார்க்க வரலாம் என்று நேராக எழுதுங்கள். முன்கூட்டியே பள்ளியைப் பார்க்க வருபவர்களை வரவேற்றுச் சுற்றிக்காட்டுங்கள். ஆனால் அங்கே தேர்வு நடத்தாதீர்கள். வெகுதூரத்திலிருந்து விண்ணப்பிப்பவரால் வர முடியாது, அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை.

குழு

நான்கு அல்லது ஐந்து பேர் போதும். முதல்வர், வாரியத்திலிருந்து ஒருவர், ஊழியர் ஒருவர், மாவோரி சமூகத்தோடு உறவுள்ள ஒருவர். ஐந்தாவதாக வெளிப் பள்ளி ஒன்றின் முதல்வரை அழைத்தோம். அவர் கேட்ட கேள்விகள்தான் மழுப்பல் பதில்களைப் பிடித்தன. எல்லாரிடமும் விண்ணப்பதாரர் பட்டியலைக் காட்டி, உறவு, நட்பு, பழைய பகை எதுவும் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்லாந்துத் தமிழ் வட்டம் சின்னது. விண்ணப்பதாரர் நம்மவர் என்றால், கோயிலில் பார்த்துப் பேசியது மட்டும்தான் என்றாலும் சொல்லிவிடுங்கள். குழுவிலிருந்து விலக வேண்டுமா என்பதை வாரியத் தலைவர் முடிவு செய்யட்டும்.

யாரை அழைப்பது

பணி விவரத் தாளிலிருந்து ஆறு அளவுகோல்களை எடுத்து, விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகே கூடிப் பேச வேண்டும். முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்கள் கையிலிருக்கும் பேனாவை நகர்த்திவிடும். நானே நகர்த்தியிருக்கிறேன், நகர்ந்தும் இருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சென்னையிலோ கொழும்பிலோ ஃபிஜியின் சுவாவிலோ இருபது ஆண்டு பணியாற்றி, பள்ளி நிர்வாகமும் பார்த்துவிட்டு, இங்கே வந்து சாதாரண வகுப்பாசிரியராக மீண்டும் தொடங்கியவர்களின் விண்ணப்பங்கள் ஒரு மாதிரி இருக்கும். அடக்கமாக, குடும்ப விவரத்தோடு, ‘நான்’ என்பதைவிட ‘நாங்கள்’ என்று அதிகம் எழுதி. இங்கே பயின்றவர்கள் தம் சாதனையை எண்ணோடு முன்வைக்கப் பழகியவர்கள். முதல் சுற்றில் முதல் வகையினர் விழுந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சலுகை வேண்டியதில்லை. அளவுகோல் ‘என்ன செய்தார்’ என்பதாக இருந்தால் போதும், ‘எப்படி எழுதினார்’ என்பதாக இருக்க வேண்டாம். மறுபக்கமும் உண்டு: இந்த நாட்டுப் பாடத்திட்டத்தையும் என்.சி.இ.ஏ.வையும் அறியாதவரை, நம்மவர் என்பதற்காகத் தூக்கிவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

நான்கு பேரை அழையுங்கள். ஆறு பேர் என்றால் ஆறாவது ஆள் வரும்போது நீங்கள் தேநீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

தேர்வு நாள்

விண்ணப்பதாரரை ‘மிஹி ஃபாகாட்டாவ்’ என்ற மாவோரி முறையில் வரவேற்றுத் தொடங்குவது இங்கே பல பள்ளிகளின் வழக்கம். ஃபானாவ், அதாவது குடும்பத்தாரோ நெருங்கியவரோ, துணைக்கு வரலாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே சொல்லுங்கள். அப்படி வருபவர் விண்ணப்பதாரருக்காக எழுந்து பேசலாம், பாடலாம். முதன்முறை பார்த்தபோது எனக்குப் பெண் பார்க்கும் சடங்கு நினைவுக்கு வந்தது. கூச்சத்தோடு சிரித்தும்விட்டேன். பிறகுதான் புரிந்தது: ஒரு மனிதர் தனியாளாக வருவதில்லை என்று அந்த அறை ஒப்புக்கொள்ளும் விதம் அது. துணைக்கு யாரும் வராதவரை அதற்காகக் குறைவாக எண்ணாதீர்கள்.

நாளை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலில் மாணவர்களோடு பள்ளியைச் சுற்றி வருதல். நான்கு மாணவர்கள், அரை மணி நேரம், பெரியவர் யாரும் கூட வராமல். இரண்டாம் முறை தேர்வில் எங்களுக்கு மிகப் பயன்பட்டது இதுதான். சுற்றி முடித்த மாணவர்களிடம், யாரைப் பிடித்தது என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டோம். 13ஆம் ஆண்டுத் தொங்கப் பெண் ஒருத்தி சொன்னாள்: “முதலில் வந்தவர் எங்கள் பெயர்கள் எல்லாம் எவ்வளவு அழகு என்றார். ஒன்றைக்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஆள் என் பெயரை மூன்று முறை தப்பாகச் சொன்னார். நான்காவது முறை சரியாகச் சொல்லிவிட்டு, இதைத் தொங்காவில் யார் வைத்தார்கள் என்று கேட்டார். பாட்டி என்றேன். உணவகத்துக்கு வரும்வரை பாட்டியைப் பற்றித்தான் பேசினோம்.”

பெயர் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு என் வீட்டுக் கதை ஒன்று. தமிழ் வழக்கப்படி என் மகனின் குடும்பப் பெயர் என்பது என் பெயர். என் குடும்பப் பெயராகக் கடவுச்சீட்டில் இருப்பது என் அப்பாவின் பெயர். என் மனைவிக்கு அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று ‘குடும்பப் பெயர்’. மகன் முன்பு படித்த ஒரு பள்ளியின் அலுவலகத்தில், நான்தான் தந்தை என்பதற்கு மூன்று முறை சான்று கேட்டார்கள். மூன்றாம் முறை அங்கே வந்த துணை முதல்வர், “உங்கள் ஊரில் பெயர் எப்படி வைப்பீர்கள்?” என்று கேட்டார். இரண்டு நிமிடம் விளக்கினேன். மாணவர் பதிவில் ஒரு குறிப்பை அங்கேயே தட்டச்சு செய்தார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, எழுத்துப் பயிற்சி. அரை மணி நேரம், ஒரு தாள். கற்பனையான ஒரு 10ஆம் ஆண்டு வகுப்பின் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும். இந்த நாட்டில் ஒரு பருவத்தில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அரைநாட்களுக்கு வருவதைத்தான் ‘சீரான வருகை’ என்கிறார்கள். 2030க்குள் 80 விழுக்காடு மாணவரை அந்த நிலைக்குக் கொண்டுவருவது அரசின் இலக்கு. எங்கள் தாளில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வராத ஐந்து பேரை மறைத்து வைத்திருந்தோம். விண்ணப்பதாரர் மூவர் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் திட்டத்தை அழகாக எழுதினார்கள். ஒருவர் மட்டும், “இந்த ஐந்து பேர் வெள்ளிக்கிழமை எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் திட்டம் எழுத முடியாது. வேலைக்குப் போகிறார்களா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்களா, வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளையில் யாருடைய வகுப்பு?” என்று எழுதியிருந்தார். கடைசிக் கேள்வியைப் படித்ததும் எங்கள் முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாவதுதான் நேர்காணல். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஐம்பது நிமிடம். கேள்விகளைப் பதினைந்து நிமிடம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவருக்கு மட்டுமல்ல, யோசித்துப் பேசும் எல்லாருக்கும் அது நியாயம். ‘உங்கள் தலைமைப் பாணி என்ன?’ போன்றவற்றைத் தூக்கி எறியுங்கள். நடந்ததைக் கேளுங்கள்: “மூத்த ஆசிரியர் ஒருவரிடம் அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்ன தருணம் எது? என்ன சொன்னீர்கள்? மறுநாள் என்ன ஆனது?” அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் தயாரித்த பதில் இருக்காது.

சூழல் கேள்வி ஒன்றும் வையுங்கள். எங்களுடையது இது: முதல்வர் வெலிங்டனில் கூட்டத்தில் இருக்கிறார். 10ஆம் ஆண்டு மாணவன் ஆசிரியரை நோக்கி நாற்காலியைத் தள்ளிவிட்டான். ஆசிரியர், இனி அவன் என் வகுப்புக்குள் வரக் கூடாது என்கிறார். தந்தை வரவேற்பறையில் நிற்கிறார், ஆங்கிலம் சரளமில்லை. ஒரு விண்ணப்பதாரர் உடனே, “ஐந்து நாள் ஸ்டாண்ட் டவுன் கொடுப்பேன்” என்றார், அதாவது தற்காலிகமாகப் பள்ளிக்கு வராமல் நிறுத்துவது. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாணவரை அப்படி விலக்கும் அதிகாரம் சட்டப்படி முதல்வருடையது, அல்லது முறையாக முதல்வர் பொறுப்பில் இருப்பவருடையது. அதுவும் ஒரு பருவத்தில் ஐந்து பள்ளி நாள், ஆண்டில் பத்து நாள் என்ற உச்சவரம்போடு. முதல்வர் ஊரில் இல்லை என்பதாலேயே துணை முதல்வர் முதல்வராகிவிடுவதில்லை. நல்ல பதில், யார் பொறுப்பு என்பதை முதலில் கேட்டது. பிறகு ஆசிரியருக்குத் தண்ணீர் கொடுத்தது. தந்தைக்கு மொழிபெயர்க்க மகனின் தங்கையைக் கூப்பிடாமல் வேறு பெரியவரைத் தேடியது.

சரளமாகப் பேசுபவர் நேர்காணலில் வெல்வார். முதல் முறை எங்களுக்கு நேர்காணல் மட்டும்தான் இருந்தது. சரளத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவர் இரண்டு பருவத்தில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார், நல்ல மனிதர்தான். வேலை அவருக்குச் சலித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

கேட்கக் கூடாதவை

1993இன் மனித உரிமைச் சட்டம் திருமணம், மதம், இனம், வயது, குடும்பப் பொறுப்பு போன்ற காரணங்களால் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் அன்பாகக் கேட்கும் “குழந்தைகள் எத்தனை? சின்னவர்களா? வீட்டுக்காரர் எங்கே வேலை?” என்பதெல்லாம் இங்கே தேநீர் வேளையிலும் ஆகாது. குறிப்புத் தாளில் எழுதுவதையும் கவனித்து எழுதுங்கள்: 2020இன் தனியுரிமைச் சட்டப்படி விண்ணப்பதாரர் தன்னைப் பற்றிய குறிப்பைக் கேட்டுப் பெறலாம். பரிந்துரையாளர் நம்பிக்கையின் பேரில் சொன்ன மதிப்பீட்டை மட்டும் நிறுத்திவைக்க இடமுண்டு. ‘டை நன்றாக இல்லை’ என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அழிப்பதற்கும் வழியில்லை.

தொலைபேசியை எடுங்கள்

பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே மாதிரி இனிக்கும். விண்ணப்பதாரரின் இசைவோடு பேசுங்கள். ஒருவராவது அவருடைய இப்போதைய முதல்வராக இருக்க வேண்டும். மறுத்தால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள், நியாயமான காரணம் இருக்கலாம். “அவர் எப்படி?” என்று கேட்டால் “அருமை” என்று வரும். “அவர் விலகினால் எந்த வேலையை முதலில் வேறு ஒருவருக்குக் கொடுப்பீர்கள், எதற்கு ஆள் கிடைக்காது?” என்று கேளுங்கள். “மீண்டும் அவரை இதே பதவிக்கு எடுப்பீர்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு முறை நான்கு விநாடி மௌனம் வந்தது. பிறகு “ஆம்” என்றார். அந்த நான்கு விநாடியைக் குழுவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னேன். இன்னொரு பரிந்துரையாளரிடம் பேசிய பிறகுதான் காரணம் விளங்கியது: விடைபெறப் போகிறாரே என்ற வருத்தம். இரண்டாவது அழைப்பு இல்லாமல் முதலாவதை நம்பாதீர்கள்.

2014இன் குழந்தைகள் சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பு இதோடு சேர்ந்தே ஓட வேண்டும்: அடையாளச் சான்று, கடந்த ஐந்து ஆண்டுப் பணி வரலாறு, உறவினர் அல்லாத பரிந்துரையாளர், நேர்காணல், காவல்துறைச் சரிபார்ப்பு, இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் இடர் மதிப்பீடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆசிரியர் கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடி, பணிச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பணி வரலாற்றில் எட்டு மாத இடைவெளி இருந்தால் கேளுங்கள். தாயைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போயிருப்பார். கேட்டு எழுதிவைப்பதுதான் நம் வேலை.

உள்ளிருந்து விண்ணப்பித்தவர்

பொறுப்புத் துணை முதல்வராகவோ டீனாகவோ இருந்து விண்ணப்பித்தவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், மறுநாள் காலை அவர் அதே வாசலில் நின்று சீருடை பார்க்க வேண்டும். முதல் முறை அவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மின்னஞ்சல் போயிற்று. நாங்கள் செய்ததிலேயே வெட்கப்பட வேண்டியது அதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் இருந்தவர், பசிபிக் குடும்பங்கள் நேராகத் தேடி வருவதே அவரைத்தான். ஆறு மாதத்தில் அவரும் போய்விட்டார்.

இரண்டாம் முறை வரிசை இப்படி: தேர்வானவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டதும், வேறு யாருக்கும் தெரிவதற்கு முன், உள்ளிருப்பவரை முதல்வர் நேரில் சந்தித்துச் சொன்னார். எந்த அளவுகோலில் பின்தங்கினார் என்பதைத் தாளைக் காட்டி விளக்கினார். ஊழியர் கூட்டத்தில் அறிவித்தது அதற்கு அடுத்த நாள். மற்ற இருவருக்கும் கடிதத்துக்கு முன் தொலைபேசி. நியமனத்தை வாரியம் தன் கூட்டத்தில் பொதுமக்களை அனுமதிக்காத பகுதியில் பதிவு செய்தது. கொடுக்கும் கடிதத்தில் யூனிட் எண்ணிக்கை, எந்தக் கூட்டு ஒப்பந்தம், தொடங்கும் தேதி, சரிபார்ப்பு முடிவுக்கு உட்பட்டது என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். ஆசிரியர் சங்கமான பி.பி.டி.ஏ.வில் உறுப்பினரா இல்லையா என்பதைப் பொறுத்து ஒப்பந்தம் மாறும். ஆனால் அதை நேர்காணலில் கேட்கக் கூடாது.

ஜனவரி

வந்து சேர்பவரை ஃபாகாட்டாவ் மூலம் பள்ளிக்குள் அழைப்பது உங்கள் வழக்கமானால், பெற்றோரையும் கூப்பிடுங்கள். முதல் பருவத்தில் பொறுப்புகளை முழுதாக ஏற்றிவிடாமல், ரிலீஃப் ஏற்பாட்டையாவது வேறொருவர் பார்க்கட்டும். பழையவரோடு அரை நாள் உட்கார வையுங்கள். எந்தக் குடும்பத்துக்குத் தொலைபேசி பயன்படாது, நேரில்தான் போக வேண்டும் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. மார்ச் மாதம் ஒரு நாள் வாரியத்தின் முன் அவர் தன் கணக்கைச் சொல்லட்டும், இலக்கு எண்களோடு அல்லாமல் தான் கண்டதை வைத்து.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர் மார்ச் கூட்டத்துக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஐவர் கற்பனை அல்ல, பெயர் மாற்றிய உண்மையான பிள்ளைகள் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அதில் இருவர் வெள்ளிக்கிழமைகளில் மாங்கரே சந்தைக்கு அத்தையோடு பெட்டி தூக்கப் போகிறார்களாம். மூன்றாவது பையனைப் பற்றிச் சொல்லும் முன், கதவைச் சாத்த முடியுமா என்று கேட்டார்.